குப்பைக்குப் போன பூசணிக்காய்

மகனே,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டுவிட்டேன். உன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நம் கோயிலில் பெரிதாக ஓர் அன்னதானம் போட வேண்டும், முழுச் செலவும் உன்னுடையது, அம்மா முன்னின்று நடத்த வேண்டும், நீ மெல்பர்னில் இருந்தபடி கைபேசியில் நேரடியாகப் பார்ப்பாய். "மடைப்பள்ளிக்கே ராணி நீங்கதானேம்மா, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரிக்கிறாய். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. உன்மேல் கோபம் இல்லை. ஆனால் என்னால் முடியாது. அந்த அன்னதானத்தை நான் நடத்த மாட்டேன். வேறு யாராவது நடத்தினாலும் அதில் ஒரு வாய் சாப்பிட மாட்டேன். அப்பாவிடம் கேட்டால், "ஆபரேஷனுக்குப் பிறகு உங்கம்மாவுக்கு மூளை கலங்கிப் போச்சு" என்பார். போனில் சொல்ல வந்தால் நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இது ரகசியமும் இல்லை. உன் அக்கா படிக்கட்டும். கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடச் சொல்லப் போகிறேன். அவர்கள் வாசித்துவிட்டு என்னைத் திட்டட்டும். திட்டுவதற்காவது வாசிப்பார்களே.

கட்டுகஸ்தோட்டைக்கு மருமகளாக வந்த வருஷமே உன் அப்பா என்னை அந்த மடைப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புடவைக்கடைக்காரர் வீட்டுப் பெண், சும்மா வீட்டில் இருக்கிறாள், திருவிழாவுக்குக் கைகொடுக்கட்டும் என்று. போன நாளிலிருந்து அதுதான் என் கோயில். சந்நிதியில் கண்ணை மூடி நின்றால் எனக்கு அடுத்த நாள் சமையல்தான் ஞாபகம் வரும், சாமி வராது. ஆனால் விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சிமெந்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, போஞ்சியும் வாழைக்காயும் மலைமலையாக வெட்டிக் குவிக்கும்போது, கிடாரத்தில் பருப்புக் கொதிக்கும் வாசம் எழும்போது, யாரோ ஒருத்தி பாட்டை ஆரம்பிக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும்போது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். கூடிக் கும்பிடுவது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். நகைக்கடைக்காரர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், பேக்கரிக்காரர் வீட்டு அம்மா, கம்பளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப்பெண், எல்லாருக்கும் ஒரே தரை. "இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லாரும் ஒன்று" என்று ஆண்டுவிழாவில் நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். நீ கைதட்டியிருக்கிறாய்.

மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் ராசம்மாவும் இன்னும் நாலு பெண்களும் குந்திக்கொண்டு எங்கள் அண்டாக்களையும் கிடாரங்களையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். நகரசபையில் தெருக் கூட்டுகிறவர்கள். கோயிலில் இருந்து பத்து நிமிஷ நடையில் அவர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயம். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு அவர்களுக்குக் கதவுக்கு வெளியே வாளியில் சோறு கொடுப்போம். ராசம்மாவுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். முப்பது வருஷம் நான் தேய்க்கக் கொடுத்தேன், அவள் தேய்த்துக் கொடுத்தாள். ஒருநாள்கூட அவள் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உனக்கு ஏழு வயதிருக்கும். திருவிழா நாளில் நீ பின்கதவால் ஓடிப்போய், ராசம்மா தன் மடியில் வைத்திருந்த வெல்லக்கட்டியை வாங்கிச் சாப்பிட்டாய். யாரோ வந்து சொன்னார்கள். நான் உன்னைத் தரதரவென்று இழுத்து வந்து, முதுகில் நாலு வைத்து, வாயைக் கழுவிவிட்டேன். சவர்க்காரம் போட்டு. நீ அழுதுகொண்டே, "வெல்லம் நல்லாத்தானேம்மா இருந்துச்சு" என்றாய். குழாயடியில் இருந்த ராசம்மா தலையை நிமிர்த்தவில்லை. உனக்கு அது மறந்திருக்கலாம். உன் உடம்புக்கு மறக்கவில்லை. போன மாதம் நீ என்னிடம் பேசும்போது, உன் வேலையிடத்துக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பையன் வந்திருக்கிறான், தெல்தோட்டைப் பக்கம், நல்லவன், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று பார்க்கிறேன் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க எந்த ஆளுங்கன்னு அப்பாகிட்ட கொஞ்சம் விசாரிக்கச் சொல்லுங்களேன்" என்றாய். கடல் தாண்டிப் போய் இத்தனை வருஷம் ஆகியும் நீ அதைக் கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்தச் சவர்க்காரத்தைப் போட்டவள் நான்தானே.

போன வருஷம் தைப்பொங்கல் கழிந்து எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள் அல்லவா, அதில் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் என்னால் அசைய முடியவில்லை. உன் அக்கா பகலில் வருவாள், போய்விடுவாள். என்னைப் புரட்டிப் போட்டு, அசுத்தம் துடைத்து, தலைவாரி, கஞ்சி ஊட்டியது அந்த வார்டில் வேலை செய்த ஒரு தாதி. கலைவாணி என்று பெயர். எங்கள் ஊர்த் தமிழ் பேசுவாள். ஒருநாள் படுக்கை முழுக்க நனைந்து, நான் வெட்கத்தில் அழுதபோது, "இதுக்கெல்லாம் அழுவாங்களாம்மா? எனக்கு இதுதானே வேலை. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது என்று அவளிடமே சொல்லி, கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் நாளன்று, மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு வார்டு வாசலில் வந்து நின்றது யாரென்று பார்த்தால் ராசம்மா. மகளுக்குச் சாப்பாடு. "அட, அம்மாவா? எங்க புள்ளதான் உங்களப் பாத்துக்கிட்டுச்சா?" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் உடம்பு சுருங்குவதை உணர்ந்தேன். இந்தக் கையா என்னைத் தொட்டது, இந்தக் கையா எனக்கு ஊட்டியது என்று உள்ளே ஒன்று துடித்தது. வீட்டுக்கு வந்ததும், தையல் நனையக்கூடாது என்று டாக்டர் அவ்வளவு சொல்லியும், கதவைப் பூட்டிக்கொண்டு தலைக்குக் குளித்தேன்.

இதை எழுதும்போது எனக்கு என்மேல் வரும் அருவருப்பைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் தையல் ஓரம் கசிய ஆரம்பித்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டுப்போட வந்ததும் கலைவாணிதான். "எப்படிம்மா நனைஞ்சுச்சு?" என்று கேட்டாள். "தெரியாம பட்டிருச்சும்மா" என்றேன். அவள் நம்பிவிட்டாள். ஐந்து தடவை போனேன், ஐந்து தடவையும் அவள்தான் துடைத்து மருந்து வைத்தாள்.

அதே வருஷம் ஆடித் திருவிழா. தேர் அன்று காலை நாங்கள் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்குக் குனிய முடியாததால் ஒரு பலகையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வாசல் வழியாகக் கலைவாணி வந்தாள். டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறாள் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அம்மா, எப்படி இருக்கீங்க? உங்களப் பாக்கத்தான் வந்தேன்" என்றவள், காய் குவிந்து நாங்கள் திணறுவதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே சேலையைச் சொருகிக்கொண்டு ஒரு அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பெரிய பூசணிக்காய் ஒன்றைப் பிளந்து வெட்ட ஆரம்பித்தாள். அளவெடுத்தமாதிரி ஒரே சீரான துண்டுகள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டீச்சர் பேக்கரிக்கார அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். பேக்கரிக்கார அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னொருத்தி தண்ணீர் குடிக்கப் போனாள். இன்னொருத்தி பிள்ளை கூப்பிடுகிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த வட்டத்தில் கலைவாணி மட்டும் இருந்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று. நான் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். நான் அவள் தோளைத் தொட்டு, வாயெல்லாம் சிரிப்பாக, "நீ ஏம்மா கஷ்டப்படுற? ராவெல்லாம் கண்முழிச்ச புள்ள. போ, முன்னால போய் நல்லா சாமி கும்பிடு" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். "சரிம்மா" என்று எழுந்து, அரிவாள்மனையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். நகைக்கடைக்காரர் மனைவி அவள் வெட்டிவைத்த பூசணித் தட்டைக் காட்டி, "இத எப்படிக்கா அடுப்புல போடறது?" என்று கேட்டார். "பின்னால கொட்டிருங்க" என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, மகனே. நான்தான் சொன்னேன். அன்று நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போட்டோம். பந்தியில் நின்று, "எல்லாரும் வாங்க, வயிறாரச் சாப்பிடுங்க" என்று கூவினேன்.

மறுநாள் காலைப் பூசைக்குப் போனபோது பின்கதவருகே நகரசபைக் குப்பை ட்ராக்டர் நின்றது. ராசம்மா பீப்பாயைச் சாய்த்து, எச்சில் இலைகளைக் கையால் வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று எங்களுக்குத் திருவிழா, இன்று அவளுக்கு வேலைநாள். இலைகளுக்கு நடுவில் மஞ்சளாகப் பூசணித் துண்டுகள், ஒரே அளவில். "பூசணிக்கா நல்லாத்தானே இருந்திருக்கு. இம்புட்டையும் ஏன் கொட்டுனாங்க?" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கப் போகும் வழியில் தாய்க்குத் தேநீர் கொண்டுவந்த கலைவாணி பக்கத்தில் நின்றாள். அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். தன் கை வெட்டியது தனக்குத் தெரியாதா? பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்டாலும் சரி, காறித் துப்பினாலும் சரி என்று நின்றேன். "காயம் நல்லா ஆறிடுச்சாம்மா? பாரமெல்லாம் தூக்காதீங்க, என்ன?" என்றாள். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிப் போனாள். அன்று நான் சந்நிதிக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலத்தடியில் நின்று வாந்தி எடுத்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "இது இன்னிக்கு நேத்து வந்ததா? நீ ஏன் கிண்டுற?" என்றார். கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் எழுந்து, அடுத்த வருஷம் லயத்துப் பெண்களும் உள்ளே வந்து எங்களோடு காய் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்றேன். தலைவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். "அக்கா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. ஆனா சனம் சாப்பிடாதே, என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். அங்கிருந்த ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு இல்லை, சனத்துக்கு. அந்தச் சனம் யாரென்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நாங்கள்தான் இருந்தோம். கடைசியில் டீச்சர்தான் வழி சொன்னார். காலம் மாறிவிட்டது, சுகாதாரம் முக்கியம், கண்டி டவுனில் இருக்கும் ஒரு சமையல்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். யாரும் வெட்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இந்த வருஷத் திருவிழாவை நீ கைபேசியில் பார்த்தாய். ஹார்ட் போட்டிருந்தாய். ட்ரோன் பறந்ததைக் காட்டினார்கள், பெரிய திரையில் அபிஷேகம் காட்டினார்கள். அன்னதானத்தைப் பார்த்தாயா? லாரியில் வந்து இறங்கிய சோற்றுப் பார்சல்கள். கேட்டில் வரிசையில் நின்று ஆளுக்கொன்று வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போனார்கள். சிலர் பஸ் ஹோல்ட்டில் நின்றபடியே பிரித்துச் சாப்பிட்டார்கள். பந்தி மண்டபத்தில் கதிரைகள் அடுக்கியபடியே இருந்தன. தலைவர் என்னைத் தேடி வந்து, "இப்ப பாருங்கக்கா, உங்க மனக்குறையும் தீந்துச்சு. லயத்து ஆளுக்கும் அதே பார்சல், டொக்டருக்கும் அதே பார்சல்" என்றார். உண்மையாகவே அவர் சந்தோஷமாக இருந்தார். ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிடுவது மேல் என்று ஒரு ஊரே முடிவெடுத்தது, அதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைத்தது. சோறு சுற்றிவந்த, எண்ணெய் படிந்த லஞ்ச் ஷீட்டுகள் தேரோடிய தெருவெல்லாம் கிடந்தன. யார் பொறுக்கியிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். இதற்குத்தான் நீ உன் மகளின் பெயரைக் கொடுக்கப் பார்க்கிறாய். வேண்டாம். அந்தக் குழந்தையின் பெயரை அந்தப் பார்சலில் ஒட்டாதே. அவள் பிறந்தநாளன்று அந்தத் தெல்தோட்டைப் பையனைக் கூப்பிடு. எந்த ஆள் என்று அப்பாவிடம் கேட்காதே. அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து வெங்காயம் உரிக்கச் சொல். உன் மனைவியும் நீயும் பக்கத்தில் நின்று வெட்டுங்கள். பிறகு மூன்று பேரும் சாமிக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த பூசை அவ்வளவுதான். அதைத்தான் நான் முப்பது வருஷம் செய்வதாக நினைத்து ஏமாந்திருந்தேன்.

திருவிழா கழிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் லயத்துக்கு நடந்து போனேன். பத்து நிமிஷ நடைதான், முதல் தடவை. கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட சின்ன அம்மன் கோயில். ராசம்மா வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கலைவாணி டியூட்டியில் இருந்தாள். "அந்தப் பூசணிக்காயைக் கொட்டச் சொன்னது நான்தான்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தெரியும்மா. புள்ள அன்னிக்கே சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு?" என்றாள். வாளியைக் கீழே வைத்தாள். "பூசைக்கு நேரமாச்சு. இருக்கிறதுன்னா இருங்க."

உள்ளே எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் யாரோ ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து ஓரமாகப் போட்டார்கள். மரியாதைதான். அவர்கள் பேச்சும் சிரிப்பும் நான் வந்ததோடு நின்றுவிட்டன. அந்தக் கதிரையில் ஐந்து நிமிஷம்கூட என்னால் இருக்க முடியவில்லை. இறங்கிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாரும் விலகவில்லை, யாரும் நெருங்கியும் வரவில்லை. பூசை முடிந்து இலை போட்டார்கள். சோறு, பருப்பு, கீரை. அவ்வளவு பேசிய எனக்கு, மகனே, கை வாய்க்குப் போகவில்லை. பொய் சொல்லமாட்டேன். அறுபது வயது உடம்பு, அதற்குப் பழக்கியதை அது விடமாட்டேன் என்றது. பரிமாறிக்கொண்டு வந்த ராசம்மா என் இலைக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"முடியலன்னா வச்சிருங்கம்மா. நாங்க ஒண்ணும் நெனக்க மாட்டோம்."

நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். இன்னொரு பிடி. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தியினால் வந்த தண்ணீர் இல்லை அது. "இல்லக்கா. இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன். முப்பது வருஷத்தில் ராசம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டதும், 'ங்க' போட்டுப் பேசியதும் அன்றுதான். அவர் சிரிக்கவில்லை. மன்னித்தமாதிரியும் தெரியவில்லை. ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.